கற்பனைப் படைக்குச் சோறிடுவார் யார்?

மாதாப்பூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள், மேசைமீது ஒரு பேரரசு எழும்பாத வீட்டைக் காண்டல் இன்று அரிது. பள்ளிச் சிறுவன் குறிப்பேட்டில் நிலப்படம் வரைகிறான். மலைக்கும் ஆற்றுக்கும் பெயரிடுகிறான். மன்னனுக்குப் பத்து இலட்சம் படையை ஒரே வரியில் வழங்கிவிடுகிறான். வளர்ந்தோருள் சிலரோ இதே வேலையைக் கணிப்பொறியில் செய்து ஊதியமும் பெறுகின்றனர். 2015இலும் 2017இலும் வெளிவந்த 'பாகுபலி' படங்களின் மகிழ்மதி நகரம், ஐதராபாத்தின் மறுகோடியிலுள்ள ராமோஜி திரைப்பட நகரில் அன்றோ எழுப்பப்பட்டது!

நாம் கற்பனைக்குப் பகைவர் அல்லோம். போர்க்களத்தில் பேய்கள் கூழ் அட்டு உண்டதைப் பரணியாகப் பாடிய மரபில் வந்தவர்கள் நாம். ஆயின் ஒன்று கேட்கிறோம்: பேய்க்கும் பசி உண்டு என்று செயங்கொண்டார் அறிந்திருந்தார்; இன்று நாம் படைக்கும் சேனைகளுக்கு மட்டும் ஏன் பசியே எடுப்பதில்லை?

"கற்பனைதானே, இதற்கு வரலாறு எதற்கு?" என்பார் பலர். அவர்கள் வரலாற்றை முற்றிலும் விட்டவர்களும் அல்லர். கேடயத்தை ரோமானியரிடமிருந்தும், கோட்டையை ஆங்கிலப் படங்களிலிருந்தும், பெயரைப் பழைய நருமதைக்கரை நகரமாகிய மாகிஷ்மதியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுப்பதெல்லாம் உடுப்பு, விடுவது உயிர்.

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் தின்னும். ஆயிரம் யானையை எழுதுபவர் 150 டன் தழையையும் எழுத வேண்டும். மறுநாளும் எழுத வேண்டும். அத்தழை எந்த ஊரார் தோப்பிலிருந்து வந்தது என்று கேட்டால், அங்கே ஒரு கதை பிறக்கும்.

தொலைவில் தேட வேண்டுவதில்லை. மாதாப்பூரை ஒட்டிய துர்கம் செருவு, ஒரு காலத்தில் கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீர் தந்த ஏரி. அக்கோட்டையை 1687ஆம் ஆண்டு சனவரி முதல் செப்டம்பர் வரை ஔரங்கசீப் முற்றுகையிட்டுக் கிடந்தார். இந்தியாவின் பெருஞ்சேனை அவருடையது. அதனை வாட்டியவை எவை? பெருமழை, பெருகிய ஆறுகள், வழியடைபட்ட தானியம், பஞ்சம், நோய். மதிலைத் தகர்க்க முகலாயர் புதைத்த வெடிமருந்தைக் கோட்டையுள் இருந்தோர் மறுசுரங்கம் தோண்டிக் கெடுத்தனர். எஞ்சியது வெடித்தபோது கற்கள் முற்றுகையிட்டோர் தலையிலேயே வீழ்ந்தன. எட்டு மாதம் அசையாத கோட்டை, இறுதியில் விலைபோன ஒருவன் திறந்துவிட்ட கதவால் வீழ்ந்தது. எந்தக் கற்பனைக் கோட்டையின் கதை இதனைவிடச் சுவையுடையது? தக்காணத்தில் முகலாயப் படைகளுக்குத் தானியப் பொதிகளை எருதுகளின் மேல் ஏற்றிச் சென்ற பஞ்சாராக்களின் பெயரை, நாள்தோறும் பஞ்சாரா ஹில்ஸ் வழியே பேருந்தில் போகும் நாம் ஒருமுறையேனும் எண்ணியதுண்டா? அவர்கள் இன்றிச் சேனை இல்லை. கற்பனைப் பேரரசுகளில் அவர்களுக்கு ஓர் ஓரத்திலும் இடமில்லை.

குதிரையும் அப்படியே. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழி வந்ததையும், மன்னர் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், பேணத் தெரியாமையால் அவை மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அக்குதிரைக்காகக் கருவூலம் கரைந்தது. நம் கதைகளிலோ குதிரை புல்லைப்போல் முளைக்கிறது.

படைவீரனுக்கும் மனம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் வேளைக்காரர், வில்லிகள், குதிரைச் சேவகர், ஆனையாட்கள் எனப் படைப்பிரிவுகள் தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் இலங்கை வேந்தன் விசயபாகு தன்னிடம் பணிபுரிந்த வேளைக்காரரைச் சோழர்மேல் ஏவ முற்பட்டபோது, அவர்கள் படைத்தலைவரைக் கொன்று அரண்மனைக்கே தீயிட்டனர் என்கிறது சூளவம்சம். கிளர்ச்சி அடக்கப்பட்டது. பின்னர் அதே வேளைக்காரர், பொலன்னறுவையில் புத்தரின் பல் பேணிய கோயிலைக் காப்பதாகத் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். யாருக்காகப் போரிடுவது, யாருக்கு எதிராக மாட்டோம் என்பது என்று தவித்த அந்த மனிதர்களைக் கொண்டு ஒரு நாவல் எழுதலாமே! நாம் எழுதுவதோ ஒரே முகமுடைய பத்து இலட்சம் பொம்மைகள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. அது பகைவரைப் படைக்கும் முறை. 'பாகுபலி'யின் காலகேயரைப் பாருங்கள்: கரிபூசிய உடல், அழுக்கு, வெறி, குழந்தைக்கும் இரங்காக் கொடுமை. அவர்கள் பேசும் கிளிக்கி மொழியை மதன் கார்க்கி சொல்லும் இலக்கணமுமாகச் சமைத்தார், அவ்வுழைப்பைப் போற்றுகிறோம். ஆயினும் இலக்கணம் பெற்ற அம்மக்களுக்கு ஒரு வீடோ, ஒரு வயலோ, படையெடுப்புக்கு ஒரு காரணமோ தரப்படவில்லை. கருநிறமே கொடுமையின் அடையாளம் என்று கண்வழியே கற்கும் நம் குழந்தை, பின்னர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காதா?

இங்கே சங்கத்துப் பெரியோர் சிலர், "ஆகவே நம் சோழரைக் காட்டுங்கள், அவர்கள் அறப்போர் செய்தவர்கள்" என்பர். அவர்களோடும் நமக்கு வழக்குண்டு. தார்வார் வட்டாரத்து ஓட்டூரில் 1007ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஒன்பது இலட்சம் படையோடு சோழர் வந்து நாட்டைச் சூறையாடினர், பெண்டிரையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றனர் என்று அது முறையிடுகிறது. பகைவன் எழுதியது, எண்ணை ஊதியிருப்பான், உண்மைதான். அப்படியானால் நம் மெய்க்கீர்த்திகளில் உள்ள எண்களை மட்டும் ஏன் தராசில் இடாமல் விழுங்குகிறோம்? சாளுக்கியனின் கண்ணுக்குக் காலகேயர் நாமே. இதனை ஏற்பதால் பெரிய கோயில் ஓர் அங்குலமும் தாழ்ந்துவிடாது.

நிலம் விட்டு வந்து தெலுங்கு மண்ணில் உண்டு உடுத்து வாழும் நமக்கு இவ்வழக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. முதலாம் இராசேந்திரன் கைக்கொண்டதாக மெய்க்கீர்த்தி புகழும் கொள்ளிப்பாக்கை, ஐதராபாத்திலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவிலுள்ள இன்றைய கொலனுபாக்கா. அவன் மகன் இராசாதிராசன் காலத்தில் அவ்வூர் எரியூட்டப்பட்டதையும் சோழர் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. இன்று அங்கே சமணர் கோயிலும் சோமேசுவரர் கோயிலும் உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோற்றோடு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். நிலப்படம் வரையும் சிறுவனிடம் அவன் குறிப்பேட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். தீ வைத்த படை எத்தனை பேர் என்று அவன் கேட்பான். அவன் கேட்டபின், அன்று அவ்வூரில் வைக்கோற்போரைக் காக்க ஓடிய உழவன் தன் மகனிடம் அப்படையைப்பற்றி என்ன சொல்லியிருப்பான் என்று நீங்கள் கேளுங்கள். விடையைத் தெலுங்கில் சொன்னாலும் எழுதிக்கொள்ளட்டும்.