பழைய ஸ்கேனைப் பரணில் போடாதீங்க!

என் நாத்தனார் மகளுக்கு வயது 26. விடாத இருமல் என்று டாக்டரிடம் போனவளுக்கு, எக்ஸ்ரேயில் நுரையீரலில் சின்னதாகப் புள்ளி தெரிகிறது என்று சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். எடுத்தோம். அதைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், "வெளியில எடுத்ததெல்லாம் பார்க்க மாட்டோம், இங்கேயே ஒண்ணு எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டே நாளில் இரண்டு ஸ்கேன்! பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். வயசுப் பெண்ணின் உடம்பில் பட்ட கதிர்வீச்சை யார் திருப்பி எடுப்பார்கள்? நெஞ்சு ஸ்கேன் என்றால் மார்பகமும் அந்தக் கதிரின் வழியில்தானே இருக்கிறது!

நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஆறு மாதத்தில் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற கணக்கில் சொல்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரேக்கு அதிகம் போனால் 0.1. வழக்கமான நெஞ்சு சி.டி.க்கு 6, 7 என்று ஆகிறது. அதையே 'லோ டோஸ்' முறையில் எடுத்தால் சுமார் 1.5தான். மண்ணிலும் காற்றிலும் இருந்து நமக்கு இயற்கையாக வருவதே வருஷத்துக்கு 2.4 என்கிறார்கள்.

2021 மே மாதம், கொரோனா சமயத்தில், ஒரு சி.டி. 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று டில்லி எய்ம்ஸ் இயக்குநர் சொல்ல, இப்போதைய மெஷின்களில் அது ஐந்து, பத்து எக்ஸ்ரே அளவுதான் என்று ரேடியாலஜி டாக்டர்கள் சங்கம் மறுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? யார் சொல்வதை நம்புவது என்று அன்று குழம்பினேன். மெஷினை எந்த அளவில் வைத்து எடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று இப்போது புரிகிறது.

குறைத்தால் படம் சரியாக விழுமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் மணல் தூவின மாதிரிதான் இருக்குமாம். ஆனால் நுரையீரல் முழுக்கக் காற்று. அதில் புள்ளி தனியாகத் தெரிந்துவிடும். வெள்ளை அரிசியில் கறுப்புக் கல்லைப் பொறுக்க ஜன்னல் வெளிச்சம் போதாதா?

அதற்காக எல்லா ஸ்கேனையும் குறை, குறை என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்போ என்று சந்தேகப்பட்டு டாக்டர் எழுதினால், மருந்து ஏற்றி ஒழுங்காக எடுத்தே ஆக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமி "கதிர் பட்டா கேன்சர் வந்துடும்" என்று அப்படி ஒரு ஸ்கேனையே மறுத்துவிட்டு, பிறகு மூச்சுத்திணறலோடு ராத்திரியில் ஓடினார்.

மூன்றாவது ஸ்கேனுக்கு நானே கூடப் போனேன். பழைய இரண்டு சி.டி. தட்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். "புள்ளி வளர்ந்திருக்கான்னுதானே பார்க்கணும், லோ டோஸ்ல எடுக்கலாமாம்மா? மருந்து ஏத்தாம ஒருதரம், ஏத்தி ஒருதரம்னு ரெண்டு தடவை வேணுமா?" என்று கேட்டேன். எரிந்து விழுவாரோ என்று உள்ளுக்குள் உதறல்தான். அந்த டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டு, "யாருமே கேட்க மாட்டாங்கம்மா" என்று சொல்லி உள்ளே போய் டாக்டரிடம் பேசினார். லோ டோஸில், மருந்து ஏற்றாமல், ஒரே தடவை. தள்ளிப்போயிருக்கிறதா என்று அவளிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் மேஜையிலேயே படுக்கவைத்தார்கள். (முதல் இரண்டு இடத்திலும் இதைக்கூடக் கேட்கவில்லை!)

எவ்வளவு கதிர் பட்டது என்பதை 'டி.எல்.பி.' என்று மெஷினே குறித்து வைக்கிறதாம். கேட்டு வாங்கி, மூன்று தட்டையும் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புள்ளி வளரவில்லை. அடுத்த ஸ்கேன் ஒரு வருஷம் கழித்து. அதற்கும் நான்தான் கூடப் போகிறேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.