ஓசி பாஸில் நாடகம் வளராது

"நாடகமா? அதெல்லாம் செத்துப்போச்சு சார்!"

மும்பையில் நாலு தமிழர்கள் கூடிய இடத்தில் நாடகப் பேச்சை எடுத்தால் இந்த வாக்கியம் வந்து விழாமல் இருக்காது. சொல்பவர் எங்கே குடியிருக்கிறார் என்று பாருங்கள். முலுண்டா? அங்கே காளிதாஸ் நாட்டிய மந்திர் இருக்கிறது. டோம்பிவிலியா? சாவித்ரிபாய் புலே நாட்டியகிருஹம் இருக்கிறது. தாணேயா? 1978லிருந்து கட்கரி ரங்காயதன். தாதரில் இறங்கி நடந்தால் சிவாஜி மந்திர். சனி ஞாயிறு வந்தால் இந்த மாதிரி அரங்குகளில் மத்தியானம், சாயங்காலம், ராத்திரி என்று ஒரே நாளில் இரண்டு மூன்று நாடகங்கள் நடப்பது சாதாரணம். கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கிய கூட்டம் குடும்பம் குடும்பமாக வருகிறது. இடைவேளையில் பட்டாட்டா வடைக்கு அடிதடி. மூன்றாவது மணி அடித்ததும் கப்சிப்.

அந்த அரங்க வாசலைத் தாண்டித்தான் நம்மாள் தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறார். போய்க்கொண்டே, நாடகம் செத்துப்போச்சு என்கிறார்!

நான் பார்த்துப் பார்த்து நேசித்த நாடகங்களில் பாதிக்கு மேல் மராத்தி. அதைச் சொன்னால் "தமிழை விட்டுட்டு மராத்தியா?" என்று ஒரு பார்வை பார்க்கிறார்கள். தமிழை விட்டது நான் இல்லை சாமி. இங்கே நடக்கும் நம் கலை விழாக்கள் விட்டன. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் சென்னை சபா முறையைப் பார்ப்போம். வருடச் சந்தா கட்டினால் மாதம் ஒரு நிகழ்ச்சி. இதை ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். கே. பாலசந்தரின் மேஜர் சந்திரகாந்த், சோவின் முகமது பின் துக்ளக், கோமல் சுவாமிநாதனின் தண்ணீர் தண்ணீர் எல்லாம் சபாக்கள் கொடி கட்டிப் பறந்த காலத்து நாடகங்கள்தான். ஆனால் அந்த முறைக்குள்ளேயே ஒரு வினை இருந்தது. முன்பணம் கட்டிவிட்ட ரசிகன் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அவனுக்காகச் செயலாளர் தேர்ந்தெடுக்கிறார். செயலாளரின் ஒரே கவலை, மறுநாள் யாரும் போன் பண்ணித் திட்டக்கூடாது. யாரையும் சங்கடப்படுத்தாத சரக்கு எது? நிமிஷத்துக்கு மூன்று ஜோக். அவ்வளவுதான் கதை.

நம் சங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. சந்தாகூட வேண்டாம், நகைக்கடைக்காரரோ பில்டரோ செலவை ஏற்றுக்கொள்வார், நமக்கு இலவச பாஸ். அதற்குப் பதிலாகக் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அதை வாங்கியவரின் ஏற்புரை... ஆறு மணி நாடகம் ஏழேகாலுக்குத் தொடங்கும். எட்டரைக்குச் சாப்பாட்டு வாசனை வந்தவுடன் பின்வரிசை காலி. மேடையில் நடிப்பவன் காலி நாற்காலியைப் பார்த்து ஜோக் சொல்கிறான். இதற்காக அவன் சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறான்!

நகைச்சுவை மேல் எனக்குக் கோபம் இல்லை. 2019ல் கிரேசி மோகன் இறந்தபோது சொந்தக்காரர் ஒருவர் போன மாதிரிதான் இருந்தது. மராத்தியிலும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கங்காராம் கவாண்கர் எழுதி மச்சீந்திர காம்ப்ளி நடித்த 'வஸ்திரஹரண்' ஆயிரக்கணக்கான முறை மேடை ஏறியது. ஒரு கொங்கண் கிராமத்தில் நாடகம் போடுகிறேன் பேர்வழி என்று ஊர்க்காரர்கள் அடிக்கும் கூத்துதான் கதை. சுத்தமான மால்வணிப் பேச்சு. ஆனால் அந்த ரசிகனே அடுத்த வாரம் சீரியஸ் நாடகத்துக்கும் டிக்கெட் வாங்குகிறான். நாம் தயிர்சாதத்துக்கு ஊறுகாயைக் கேட்டு வாங்கிவிட்டு, சாதத்தை வேண்டாம் என்கிறோம்.

சரி, எனக்குப் பிடித்தவை எவை, ஏன் பிடித்தன?

மகேஷ் எல்குஞ்ச்வாரின் 'வாடா சிரேபந்தி' (1985). விதர்பா கிராமம் ஒன்றில் இடிந்துகொண்டிருக்கும் பெரிய வீடு. அப்பா செத்துவிட்டார். மும்பையில் வேலை பார்க்கும் மகன் மனைவியோடு காரியத்துக்கு வருகிறான். பதின்மூன்றாம் நாள் செலவை யார் ஏற்பது, பாட்டி காலத்து நகையை என்ன செய்வது, ஊரிலேயே கிடந்து அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு என்ன நியாயம் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும். முற்றத்தில் ஒரு டிராக்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது. உள்ளே கிழவி மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவியை பீரோவில் வைத்திருக்கும் ஒவ்வொரு மும்பைத் தமிழனும் பார்க்க வேண்டிய நாடகம். நம் கதையைப் பக்கத்து வீட்டுக்காரன் எழுதி வைத்திருக்கிறான், நாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விஜய் டெண்டுல்கரின் 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' (1967). ஒரு நாடகக் குழு பொழுதுபோக்காக ஒரு பொய் வழக்கு நடத்திப் பார்க்கிறது. லீலா பேணாரே என்ற பள்ளி ஆசிரியையைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். விளையாட்டு மெல்ல மெல்ல வேட்டையாகிறது. குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தில், தனியாக இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி 'நல்லெண்ணத்தோடு' பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறீர்களா? அதே குரல்.

சதீஷ் ஆலேகரின் 'மஹாநிர்வாண்' (1974). செத்துப்போன கீர்த்தனக்காரர் ஒருவர் தன் சாவைத் தானே கீர்த்தனமாகச் சொல்கிறார். இது நமக்கு அந்நியமா? தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்தி கீர்த்தனத்திலிருந்து எடுத்து வளர்த்ததுதான் நம் ஹரிகதை. ஸாகி, திண்டி, ஓவி என்று அங்கிருந்து வந்த மெட்டுகள் நம் பாட்டிகளின் காதில் ஏறியவை. இன்னும் பின்னால் போங்கள். மராத்தியர்கள் தங்கள் நாடகத்தின் தொடக்கமாக விஷ்ணுதாஸ் பாவே 1843ல் சாங்லியில் போட்ட 'சீதா ஸ்வயம்வர்' நாடகத்தைக் கொண்டாடுகிறார்கள். அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் முன்னாலேயே, தஞ்சாவூரை ஆண்ட ஷாஹஜி (1684-1712) மராத்தியில் நாடகம் எழுதிவிட்டார். காவிரிக் கரையில் உட்கார்ந்து மராத்தி நாடகம் எழுதலாம், தாதரில் உட்கார்ந்து நாம் பார்க்கக்கூடாதா?

பிராஜக்த் தேஷ்முக்கின் 'சங்கீத் தேவபாபளி' (2017). மேடையில் இரண்டே பெண்கள். துக்காராமின் மனைவி ஆவலியின் காலில் முள் தைத்துவிடுகிறது. சேவை செய்ய வந்து நிற்பது விட்டலனின் மனைவி ருக்மிணி. ஊர் முழுக்கக் கொண்டாடும் கணவர்களின் மனைவிகள் இருவர் பேசிக்கொள்கிறார்கள், பாடுகிறார்கள். டிவி நட்சத்திரமும் இல்லை, ஜோக்கும் இல்லை. 500 முறை மேடையேறி 2023ல் நிறைவு செய்தார்கள். சீரியஸ் நாடகத்துக்கு யார் சார் வருவார்கள் என்று கேட்கிறவர்களுக்கு இந்த எண்ணிக்கையே பதில்.

"மராத்தி புரியாதே!" காய்கறிக்காரியிடம் பேரம் பேசப் புரிகிறது, சொசைட்டிக் கூட்டத்தில் சண்டை போடப் புரிகிறது. நாடகம் மட்டும் புரியாதாக்கும்! :-) முதல் பத்து நிமிஷம் திணறும். அப்புறம் நடிகனின் முகமே மொழிபெயர்த்துவிடும்.

இன்னொரு தடை இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. அறுபதுகளின் கடைசியில் இந்த ஊரில் மதராஸிகளுக்கு எதிராக நடந்தவை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மறக்கவில்லை. 'லுங்கி ஹடாவ்' கோஷத்தைக் காதால் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மராத்திக் கொட்டகைக்குள் போகக் கால் தயங்கியதற்கு நியாயமான காரணம் அது. அந்தக் காயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த அரசியலைப் பற்றிய கூர்மையான கேள்வியும் மராத்தி மேடையில்தான் எழுந்தது. டெண்டுல்கரின் 'காஷிராம் கோத்வால்' 1972 டிசம்பரில் ஜப்பார் படேல் இயக்கத்தில் புனேயில் மேடையேறியது. பிழைக்க வந்த வெளியூர்க்காரன் ஒருவனை ஊர் அவமானப்படுத்துகிறது. அதிகாரத்தில் இருப்பவர் தன் வசதிக்காக அவனை ஒரு பூதமாக வளர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் கூட்டத்திடம் விட்டுவிடுகிறார். பேஷ்வா காலத்துக் கதைதான். ஆனால் அன்றைய பம்பாய் அரசியலைத்தான் சொல்கிறது என்று அப்போதே பலரும் படித்தார்கள். எதிர்ப்பு வந்தது, ரகளை நடந்தது, இடையில் நின்றாலும் நாடகம் திரும்பவும் மேடையேறியது. அதே டெண்டுல்கரின் 'சகாராம் பைண்டர்' தடை செய்யப்பட்டபோது, நாடகக்காரர்கள் ஹைகோர்ட்டுக்குப் போய் ஜெயித்துத் திரும்பவும் மேடையேற்றினார்கள். டிக்கெட் வாங்கும் ரசிகன் பின்னால் இருக்கும் தைரியம் அது. நகைக்கடைக்காரரின் காசில் அந்தத் தைரியம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

மராத்தி மேடையிலும் சொத்தை நாடகங்கள் ஏராளம். சீரியல் முகத்தை வைத்துக் கல்லா கட்டுகிறவர்களும் உண்டு. அங்கே ரசிகன் பிடிக்காவிட்டால் அடுத்த முறை டிக்கெட் வாங்க மாட்டான், விஷயம் முடிந்தது. ஓசி பாஸில் அந்த ஆயுதமே நம் கையில் இல்லை.

இப்போது தமிழுக்கு வருகிறேன். தமிழில் நல்ல நாடகமே இல்லையா? இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்தில் வளர்ந்து தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். நம்மைப் போலப் பிழைக்கப்போன ஊரில் இருந்துகொண்டு ஒரு தமிழர் எழுதிய 'ஔரங்கசீப்' நாடகம் கே.எஸ். ராஜேந்திரன் இயக்கத்தில் இந்தியில் மேடையேறி, வடக்கத்தியர்களின் வரலாற்றை அவர்களுக்கே திருப்பிக் காட்டியது. அவருடைய 'நந்தன் கதை'யைப் படித்துவிட்டு அன்று ராத்திரி சரியாகத் தூங்க முடியாது. ந. முத்துசாமி 1977ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார், ஞாநி 1978ல் பரீக்ஷாவைத் தொடங்கினார். இருவரும் 2018ல் போய்விட்டார்கள். அவர்கள் உயிரோடு இருந்த நாற்பது வருடத்தில் நம் விழாக்கள் அவர்களை எத்தனை முறை கூப்பிட்டன? எனக்குத் தெரிந்து நான் போன எந்த விழாவிலும் இல்லை.

இதில் நமக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? நம் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். தமிழ் பேசுவார்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள், படிக்க வராது. இந்தி, மராத்தி, இங்கிலீஷ் என்று மூன்று மொழி சுமக்கும் பிள்ளை மூன்றாவதாக ஒரு எழுத்தைக் கற்பது சிரமம்தான். ஜானகிராமனையும் புதுமைப்பித்தனையும் அது படிக்கப் போவதில்லை. காது வழியாக அதற்குள் நுழையக்கூடிய தமிழ் இலக்கியம் நாடகம்தான். அந்த ஒரே வாசலில் நாம் மாமியார் ஜோக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம். பத்து வயதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை அதையே பார்த்து வளரும் பிள்ளை, தமிழ் என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடும். பதினேழு வயதில் அது பிருத்வி தியேட்டருக்குப் போய் இங்கிலீஷ் நாடகம் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, தமிழ்ல இந்த மாதிரி எதுவும் கிடையாதா?" என்று கேட்கும். கிடையாது என்று சொன்னால் அது பொய். உண்டு என்றால், அடுத்த கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

என் கோரிக்கை பெரிதில்லை. சங்கத்துக்காரர்களுக்கு: வருஷத்துக்கு நாலு நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். மூன்றை உங்கள் இஷ்டப்படி நடத்துங்கள். ஒன்றே ஒன்றை நல்ல தமிழ் நாடகத்துக்கு ஒதுக்குங்கள். டிக்கெட் போடுங்கள். பொன்னாடையை நாடகம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே மரியாதை செய்ய நினைப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வருஷம் அரங்கு பாதிதான் நிறையும். நிறையட்டும், பாதி போதும்.

நமக்கு: மல்டிபிளெக்ஸில் டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் அழும் காசில் ஒரு மராத்தி நாடகத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிடலாம். அப்படி நாலு நாடகம் பார்த்துவிட்டு வந்து சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள், எங்களுக்கு இது மாதிரி தமிழில் வேண்டும் என்று. கேட்கிற ஆள் இருந்தால் போடுகிற ஆள் வருவான். டிக்கெட் கவுன்டர் காலையிலேயே திறந்துவிடுகிறார்கள். நல்ல நாடகம் என்றால் முன்வரிசை சீக்கிரம் போய்விடும், சொல்லிவிட்டேன்.