பார்மட் அடித்தும் போகாத வைரஸ்

"சிஸ்டத்தில் வைரஸ் வந்துவிட்டது, பார்மட் அடித்துக் கொடுப்பா." சாப்ட்வேர் வேலையில் இருப்பவன் ஊருக்குப் போனால் முதலில் கேட்பது இதைத்தான். அடித்துக் கொடுத்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை அப்படிச் செய்து பட்டிருக்கிறேன்.

சித்தப்பா புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். குடியிருப்போர் சங்கத்து நோட்டீஸ்களை டைப் செய்து, பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய் பிரிண்ட் எடுப்பார். ஒரு நாள் பென் டிரைவில் இருந்த போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. நான் போய் சி டிரைவை பார்மட் செய்து விண்டோஸை மறுபடி பதிந்தேன். இரண்டே நாளில் போன்: "திரும்பவும் வந்துடுச்சுப்பா."

இரண்டாம் முறைதான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். இந்த வகை வைரஸ் உண்மையான போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைக்கிறது. நாம் கிளிக் செய்தால் வைரஸும் இயங்கும், போல்டரும் திறக்கும். சந்தேகமே வராது! முன்பு பென் டிரைவைச் செருகியதுமே தானாக இயங்கும் ஆட்டோரன் வைரஸ்கள் இருந்தன. 2009-ல் வந்த விண்டோஸ் 7 அந்த வழியை அடைத்தது. எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011-ல் மைக்ரோசாப்ட் அதற்கான அப்டேட்டைத் தந்தது. ஷார்ட்கட் வைரஸுக்கு அந்த வழி தேவையில்லை, நம் கிளிக்கே போதும்.

சித்தப்பாவின் டி டிரைவிலும் அதே ஷார்ட்கட்கள் இருந்தன. நான் பார்மட் செய்தது சி டிரைவை மட்டும்தானே? போதாததற்கு, தமிழ் டைப்பிங் புரோகிராம் ஒன்றின் 'கிராக்' வேலை செய்வதற்காக, டி டிரைவை ஸ்கேன் செய்யாதே என்று டிபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார். யாரோ நண்பர் சொல்லிக் கொடுத்தாராம்.

முதலில் அந்த விலக்கை நீக்கினேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் சென்று, டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக இயங்கும் முன்பே சோதிக்கும் என்பதால் வைரஸ் ஒளிந்துகொள்ள முடியாது. கால் மணி நேரம் போல ஆகும். பிறகு புல் ஸ்கேன். பென் டிரைவை மட்டும் ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் செய்திடுங்கள். புல் ஸ்கேன் வழக்கமாக அதைத் தொடாது. கடைசியாக, போல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த பைல்களையும் சிஸ்டம் பைல்களையும் காட்டச் செய்ததும் போல்டர்கள் அத்தனையும் தெரிந்தன. ஒரு பைல்கூட அழியவில்லை.

அழித்தது நான்தான். தாத்தா, பாட்டியின் சதாபிஷேகப் படங்களைச் சித்தி டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார். டெஸ்க்டாப்பில் இருப்பது சி டிரைவில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தோன்றவில்லை. வைரஸ் விட்டுவைத்ததை என் பார்மட் கொண்டுபோய்விட்டது.

பார்மட்டே கூடாது என்று சொல்லவில்லை. பாஸ்வேர்டு திருடும் புரோகிராம் புகுந்துவிட்டால் முழுதாகத் துடைப்பதுதான் நல்லது. ஆனால், "எங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காமல் பார்மட் செய்யக் கிளம்புபவரிடம், அவர் சொந்தக்காரரே ஆனாலும், கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

சதாபிஷேகப் படங்களில் நான்கு மட்டும் அத்தை வீட்டு ஆல்பத்தில் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது ஸ்கேன் செய்து தருவதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.