ஜெர்மனியில் ஆயா இல்லை

“அக்கா, இங்க ஆயாவே கெடையாதுக்கா.”

போன வருசம் ஜெர்மனிக்குப் போன பொண்ணு. என்னோடு ஒரே வார்டில் வேலை பழகினவள். ஒரு ராத்திரி போன் போட்டு அழுதாள். குளிப்பாட்டுவது, பல் தேய்த்து விடுவது, பெட்பேன் வைப்பது, எடுப்பது, பின்பக்கம் துடைத்து விடுவது எல்லாத்தையும் பட்டம் படித்த நர்சே செய்யணுமாம். “நாலு வருசம் பி.எஸ்சி. நர்சிங் படிச்சது இதுக்காக்கா?” என்றாள். நல்ல பொண்ணுதான். ஊர்க்காரப் பொண்ணு. (எந்த ஊர் என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்திரிகையைத் தவறி வாங்கியிருக்க வேண்டும். சேரிக்கு எதிர்ப்பதம் ஊர்.)

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் தூக்கம் வரவில்லை. எங்கம்மா இதே புதுச்சேரி டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் 26 வருசம் செய்தது இந்த வேலையைத்தான். காண்டிராக்டில். அது எடுத்த பெட்பேனை எந்த நர்சும் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சீருடை போட்ட முதல் மாசமே, எங்கம்மா வயசுப் பொம்பளையைப் பார்த்து ‘ஆயா, இங்க வா’ என்று அதட்ட எனக்கும் வந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. ஆஸ்பத்திரியே சொல்லித் தந்தது.

ஜெர்மனியிலும் உதவியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு, சம்பள விகிதம் உண்டு. நர்சும் அவர்களோடு சேர்ந்து கை வைக்கணும். நோயாளியைக் கழுவுவது அங்கே வைத்தியத்தில் சேர்த்தி. ஏன் சேர்த்தி? கழுவும்போதுதான் முதுகு சிவந்திருக்குதா, படுக்கைப்புண் வரப்போகுதா, மலத்தில் ரத்தம் போகுதா, கால் வீங்கியிருக்குதா என்று தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியும். ‘அந்த ஆறாம் நம்பர் கட்டிலுக்கு மூத்திரம் கம்மியாப் போவுதும்மா’ என்று டூட்டி நர்சிடம் சொல்லும். காதில் வாங்கினால் நோயாளி பிழைப்பான். எழுதி வைக்க எங்கம்மாவுக்கு நோட்டுக் கிடையாது. உடம்பைக் கழுவும் வேலையை வைத்தியத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தீட்டாக்கி, தீட்டைச் சாதியாக்கி, அந்தச் சாதியை இன்றைக்குக் காண்டிராக்ட் ஆக்கி வைத்திருக்கிறார்கள். 1936 ஜூலை 30இல் மில் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு எட்டு மணி நேர வேலையை வாங்கின ஊர் இது என்று வருசா வருசம் மாலை போடுகிறோம். எங்கம்மா பன்னிரண்டு மணி நேரம் நின்றது. மாலை போடுகிறவர் எவரும் அந்த வார்டுப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

இதை வைத்துக்கொண்டுதான் ‘உலகத்துக்கே நர்சுகளைத் தயார் செய்வோம்’ என்ற புதுக் கோஷத்தைப் பார்க்கணும்.

1995இல் உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து வந்த சேவை வர்த்தக ஒப்பந்தம், ஆட்கள் நாடு விட்டு நாடு போய் வேலை செய்வதையும் வர்த்தகத்தின் ஒரு வகை என்று எழுதி வைத்தது. தென்கிழக்காசிய நாடுகள் 2006 டிசம்பரில் செபு நகரத்தில், ஒரு நாட்டு நர்சுப் பதிவை இன்னொரு நாடு ஏற்பதற்கு ஒப்பந்தம் போட்டன. இந்தியா 2021 ஜனவரியில் ஜப்பானோடு போட்ட உடன்பாட்டில் முதியோர் பராமரிப்பு வேலையும் உண்டு. 2022 டிசம்பர் 5இல் ஜெர்மனியோடு இடப்பெயர்வு ஒப்பந்தம். கிழவர்கள் பெருத்த நாடுகளுக்குக் கை வேணும். நம்மிடம் கை இருக்குது. சரி. எந்தக் கை?

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அறிக்கை, ஆஸ்பத்திரியை நடத்திக் கொடுக்கும் துணை வேலைக்காரர்களையும் சேர்த்துத்தான் சுகாதாரப் பணியாளர் என்று கணக்குப் போட்டது. ஆனால் இந்தியாவில் 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்குத் தேசிய ஆணையச் சட்டம் வந்தபோது, ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களை வரிசை போட்டார்கள். லேப் டெக்னீசியன் இருக்கார், டயாலிசிஸ் பார்ப்பவர் இருக்கார், எக்ஸ்ரே எடுப்பவர் இருக்கார். வார்டு ஆயா இல்லை. துப்புரவு செய்கிறவர் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாதவருக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத அனுபவத்தை எந்தத் தூதரகமும் படிக்காது. எங்கம்மாவின் 26 வருசத்தை ஜெர்மனிக்காரன் விலை கொடுத்து வாங்கத் தயார். விற்கிற உரிமை மட்டும் எங்கம்மாவிடம் இல்லை. அதே வேலைக்கு, அதைத் தொட்டே பார்க்காத ஒரு பொண்ணு விமானம் ஏறுது.

இந்த இடத்தில் நம்ம தேசபக்தர்கள் குறுக்கே வருவார்கள். ‘நம்ம வரிப்பணத்தில் படித்துவிட்டு வெளிநாட்டுக்காரனுக்கு ஊழியம் செய்வதா?’ இடதுசாரித் தோழர்கள் சிலரும் இதையே வேறு பாஷையில் பேசுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: போவதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. இந்த மண்ணை விட்டுப் போனது எங்களுக்குப் பலமுறை விடுதலையாக இருந்திருக்குது.

புதுச்சேரிக்காரர்கள் இந்தச் சரித்திரத்தை மறந்தது போல நடிக்கிறார்கள். 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி வழக்கப்படியான சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வருகிறேன், குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரனுக்குள்ள சட்டம் உனக்கும். முதலில் எழுதிக் கொடுத்து ‘லபோர்த்’ என்று பேர் வைத்துக்கொண்டவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, வேளாளர். கோர்ட்டுக்குச் செருப்புப் போட்டுப் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரைக்கும் வழக்காடி ஜெயித்த வக்கீல். அவர் திறந்த கதவில் சேரிக்காரர்களும் கிறிஸ்தவர்களும் ஏராளமாக நுழைந்தார்கள். சண்முக வேலாயுத முதலியார் கட்சி இதை மூர்க்கமாக எதிர்த்தது, சாதி போய்விடுமே! துறந்தவர்கள் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். பட்டாளம், போலீஸ், வரி வசூல், கலங்கரை விளக்கம் என்று கிடைத்த வேலையில் நுழைந்தார்கள். வெள்ளைக்காரனுக்குச் சமமான சம்பளம் கேட்டு மனுப் போட்டார்கள், வழக்காடினார்கள். அங்கே அவர்களும் வியட்நாம்காரன் தலைமேல் உட்கார்ந்த காலனி அதிகாரத்தின் ஆட்கள்தான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பி வந்தபோது யாரும் அவர்களைப் பேர் சொல்லி ‘டேய்’ போட முடியவில்லை. பென்சன் வாங்கும் ‘சொல்தா’ வீட்டுப் பிள்ளை தெருவில் செருப்புப் போட்டு நடந்தது. ஊர்க்காரன் வயிறு எரிந்தது கப்பலைப் பார்த்தல்ல, செருப்பைப் பார்த்து.

நர்சு வேலைக்கும் இதே கதைதான். ரத்தம், சீழ், அந்நிய ஆம்பளை உடம்பு எல்லாம் தீட்டு என்று மேல்சாதிக் குடும்பங்கள் ஒதுங்கின காலத்தில் மிஷன் ஆஸ்பத்திரிகளில் கிறிஸ்தவப் பெண்கள்தான் இந்த வேலையைத் தாங்கினார்கள். விசா கிடைக்கும் என்று தெரிந்ததும் தீட்டு காணாமல் போச்சு. பாஸ்போர்ட்டுக்குள் அப்படி என்ன கங்காஜலம் இருக்குதோ! இப்போது நர்சிங் சீட்டு விலை போகுது, எங்க பொண்ணுங்க வாசலில் நிக்குது.

நான் நின்ற வாசலைச் சொல்கிறேன். எங்கப்பா திண்டிவனம் பக்கத்திலிருந்து 1970களில் ரோடியர் மில்லுக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, ஓட்டுப் போடுவது எல்லாம் புதுச்சேரி. நர்சிங் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஒரு குமாஸ்தா நிமிராமலே கேட்டார்: “ஒரிஜினா, மைக்ரண்டா?” அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பறைச்சியிலும் பூர்வீகம், வந்தேறி என்று இரண்டு உண்டு. புதுச்சேரிக்கான பட்டியல் சாதி ஆணை 1964 மார்ச் 5இல் வந்தது. அன்றைக்கு இங்கே குடியிருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும்தான் இங்கே பட்டியல் சாதி. 2005இல் ஆசிரியர் வேலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், வெளி மாநிலத்திலிருந்து வந்த தலித்துக்கும் புதுச்சேரியில் இடஒதுக்கீடு உண்டு என்றது. 2014இல் ‘குடியிருப்பவர்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்து இல்லை என்றது. 2018இல் அரசியல் சாசன அமர்வும், ஒரு மாநிலத்துத் தலித் இன்னொரு மாநிலத்தின் வேலையில் தலித் இல்லை என்று முடித்தது.

கோரிமேட்டில் போய் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் ஜிப்மர். நடந்தே போகும் தூரத்தில் எல்லை. தாண்டினால் பட்டானூர், விழுப்புரம் மாவட்டம். பட்டானூர் தலித் பொண்ணு ஜிப்மரில் வேலைக்கு மனுப் போட்டால் அவள் தலித், ஏன்னா அது மத்திய அரசு. அதே பொண்ணு, அதே சான்றிதழோடு, அதே டவுனில் புதுச்சேரி அரசு ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டால் பொதுப்பட்டியல். சேரியில் அவளுக்குத் தண்ணி தராதவன் எல்லை தாண்டினதும் தந்துவிடுவானா? சாதி எல்லை தாண்டும். சாதிக்கு ஈடாகக் கொடுத்த உரிமை மட்டும் தாண்டாது. பெர்லினுக்கும் தோக்கியோவுக்கும் பாலம் போடுகிறவர்கள், புதுச்சேரிக்கும் பட்டானூருக்கும் நடுவில் ஒரு பலகைகூடப் போடவில்லை.

பூர்வீகத் தலித்துகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2014 வழக்கைக் கொண்டுபோனது அவர்கள் சங்கம்தான். 2011 கணக்குப்படி இங்கே பட்டியல் சாதியினர் 15.7 சதவீதம். சின்னத் தட்டில் இருக்கும் சோற்றுக்கு இன்னும் நாலு கை வருதே என்ற பயம் நியாயமானது. அண்ணன் தம்பி தட்டுக்குச் சண்டை போடும்போது அண்டா யார் வீட்டில் இருக்குது என்று பார்க்கணும். தனியார் மருத்துவக் கல்லூரிகளும் நர்சிங் கல்லூரிகளும் இந்த டவுனைச் சுற்றி மதில் கட்டி நிக்குது. அந்த மதிலுக்குள் நம்ம பங்கு என்ன என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் என்ன? (மதம் மாறின கிறிஸ்தவத் தலித் பொண்ணு எந்த வரிசையிலும் இல்லை. 1950 ஜனாதிபதி ஆணை அவளுக்குச் சாதியே இல்லை என்கிறது. கல்லறையில் மட்டும் இருக்குதாம்.)

கடைசியில் நான் கடன் வாங்கித்தான் படித்தேன். படித்து முடித்ததும் கடனே வெளிநாட்டுக்குத் துரத்தும். ஏஜெண்டு வருவான். சட்டப்படி அவன் வாங்கக்கூடிய கூலி அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் வரி. 2015இல் கொச்சியில் சி.பி.ஐ. போட்ட வழக்கில் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? குவைத்துக்கு நர்சு அனுப்ப 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம். புள்ளி வைக்கிற இடம் மாறிப்போச்சு! அதற்கு முந்தின வருசம் ஈராக் திக்ரித்தில் சிக்கின 46 நர்சுகளில் பலர், திரும்பி வந்தால் கடனை எப்படிக் கட்டுவது என்றுதான் குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் யோசித்தார்கள். உள்ளூரில் இருந்தால் மட்டும் என்ன வாழுது? உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லி அமைத்த குழு, சின்னத் தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்கும் 20,000 குறையக்கூடாது என்றது. கேரளத்து நர்சுகள் வீதிக்கு வந்து 2018இல் அதை அரசாணையாக வாங்கினார்கள். நம்ம டவுனில் அந்தத் தொகையைச் சொன்னால் மேனேஜர் சிரிக்கிறார்.

அதனால் தயார் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜெர்மன் வகுப்பை அரசு நடத்தட்டும், சேரிக்குப் பக்கத்தில், இலவசமாக, சாயங்காலத்தில். ஆள் அனுப்புவதை ஏஜெண்டிடம் விடாமல், கேரளத்தில் நார்க்கா, தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செய்வது போல அரசே செய்யட்டும். அதிலும் இடஒதுக்கீடு வேணும். பட்டானூர் சான்றிதழ் புதுச்சேரியில் செல்லணும். அதற்கு இடத்தைக் கூட்டணும், பூர்வீகத்தான் தட்டிலிருந்து எடுக்கக் கூடாது. எல்லாத்துக்கும் முன்னால், வார்டில் இருக்கும் ஆயாவின் அனுபவத்தைப் பரீட்சை வைத்துப் பதிவு செய்து, அவள் படியேறி நர்சு ஆவதற்கு ஒரு வழி வேணும். வெளிநாடு போவதும் போகாததும் அப்புறம் அவள் இஷ்டம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. காண்டிராக்டர்கள் எழுதி வைக்கமாட்டார்கள், மாற்றி மாற்றிப் பேர் வைத்துக் கணக்கைக் கலைப்பார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு டவுனில் உள்ள ஆஸ்பத்திரி வாசல்களில், ஷிப்டு மாறும் நேரத்தில் நில்லுங்கள். பேர் வேண்டாம், பயப்படுவார்கள். எந்த வார்டு, எத்தனை வருசம், என்னென்ன செய்தீங்க என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். எங்கம்மாவுடையதை நான் எழுதிவிட்டேன். பிரசவ வார்டு 9 வருசம், அறுவை 11 வருசம், தீக்காயம் 6 வருசம்.