விடுமுறையில் உம்மா கேட்ட கதை



கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று இல்லந்தோறும் ஒரு சிறு வழக்கு நடக்கும். எங்கள் வீட்டிலும் நடந்தது. பிள்ளைகளின் உடைகளையும் உறவினர்க்கான பண்டங்களையும் அடுக்கியபின் எஞ்சிய இடத்தில் இரண்டு நாவல்களை வைத்தேன். இரண்டும் எனக்காக வைத்தவை. ஊர்த் திண்ணையில் சாய்ந்துகொண்டு நிம்மதியாகப் படிக்கலாம் என்பது என் எண்ணம். அந்த வீட்டில் வேறு எவரேனும் படிக்க விரும்புவரோ என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. இதனை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

நூல்களுள் ஒன்று, மர்ஹூம் வைக்கம் முஹம்மது பஷீர் மலையாளத்தில் எழுதிய ‘பாத்துமாவின் ஆடு’. ஓய்வும் அமைதியும் நாடித் தலயோலப்பரம்பிலுள்ள தம் வீட்டிற்கு வருகிறார் ஓர் எழுத்தாளர். அங்கோ உம்மா, தம்பிமார், தங்கைமார், அவர்தம் பிள்ளைகள் என ஒரே ஆரவாரம். ஆளாளுக்கு அவரிடம் பணம் கேட்கிறார்கள். தங்கை பாத்துமாவின் ஆடு அவர் எழுதிய புத்தகங்களையே தின்றுவிடுகிறது! 1954இல் எழுதிய இதனைத் திருத்தி எழுத நினைத்த பஷீர், திருத்தாமலேயே 1959இல் வெளியிட்டார்.

ஊருக்குச் சென்ற மறுநாள் என் மகள் அந்நூலை எடுத்துக்கொண்டு சமையற்கட்டிற்குப் போனாள். உம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உரக்கப் படிக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து எழுந்த சிரிப்பொலி திண்ணைவரை கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இந்த மனுசன் நம்ம வீட்ட எப்ப வந்து பாத்துட்டுப் போனாரு?” என்றார்கள்.

அந்த நூல் முடிந்ததும் அடுத்ததையும் உம்மாவே கேட்டு வாங்கினார்கள். அது, மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. 1988இல் வெளிவந்தது. ஊரையே தம் கைப்பிடியில் வைத்திருக்கும் முதலாளி ஒருவர், அவ்வூரில் பள்ளிக்கூடம் அமைவதை எதிர்க்கிறார். அந்த இடம் வந்ததும் உம்மாவின் கை நின்றது.

“நானும் அஞ்சாங்கிளாசு வரைக்கும் நல்லாத்தான் படிச்சேன். வாசிக்க அவ்வளவு ஆசை. பொறவு யாரும் கேக்கல” என்றார்கள்.

‘படிக்க விடவில்லை’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘யாரும் கேட்கவில்லை’ என்றே சொன்னார்கள். கேட்காதவர்களுள் நானும் ஒருவன். இத்தனை ஆண்டுகளில் உம்மாவுக்குச் சேலை வாங்கிச் சென்றிருக்கிறேன். மருந்து வாங்கிச் சென்றிருக்கிறேன். ஒரு புத்தகம் வாங்கிச் சென்றதில்லை.

நம் பெண்களுக்கு வாசிப்பு புதிதன்று. ‘நூறு மசலா’வும் கிஸ்ஸாக்களும் நம் முன்னோர் வீடுகளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டு மகிழ்ந்தவை. தமிழ் எழுத்தறியாத பெண்களும் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வாயிலாகப் படித்தனர். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புவரையே பள்ளி சென்றவர். அவர்தாம் 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். ஆகவே ஆர்வத்திற்குக் குறைவில்லை. ஓய்வுதான் இல்லை. விடுமுறை நமக்கும் பிள்ளைகளுக்கும்தான். அடுப்படிக்கு ஏது விடுமுறை? வீடு நிறைய விருந்தினர் வந்தால் அங்கே வேலை இரட்டிப்பாகிறது. நாம் திண்ணையில் நூலைப் புரட்டும் நேரத்தை நமக்கு ஈட்டித் தருபவர்கள் உள்ளே நின்று உழைப்பவர்கள் அல்லவா?

மறுநாள் முதல் நானும் சமையற்கட்டில் அமர்ந்தேன். வெங்காயம் உரிப்பது என் பொறுப்பு; படிப்பது மகளின் பொறுப்பு; கேட்பது உம்மாவின் உரிமை. நான் உரித்த வெங்காயத்தில் பாதி வீணானது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் உம்மா சொன்ன பழங்கதைகள், நாற்பது ஆண்டுகளில் நான் கேட்டறியாதவை.

நாவலில் பாதி முடிவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. நூலைப் பெட்டியில் வைக்கப்போன என்னை உம்மா தடுத்தார்கள். “அது இங்கேயே கெடக்கட்டும். பக்கத்து வீட்டுப் புள்ளய வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிறேன்” என்றார்கள்.

வாசகர்களே, அடுத்த விடுமுறைக்குப் பெட்டி அடுக்கும்போது ஒன்று செய்யுங்கள். உம்மாவிடம், மனைவியிடம், மாமியிடம், லாத்தாவிடம், ‘உங்களுக்கு எந்தப் புத்தகம் வேண்டும்?’ என்று கேளுங்கள். கேட்டதை வாங்கிக் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் அதைப் படிக்கும்வரை அடுப்படி வேலையில் ஒன்றை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.