சட்டையைக் கழற்றச் சொல்கிறவர்கள்

எங்கள் பறைக்குழுவின் பாட்டுக்கு வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று நகரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை. காசு வேண்டாம் என்றுவிட்டார். போட்டிருந்த பனியனில் கோட்டு போட்ட அம்பேத்கர் படம். கேமராவை நிறுத்தியதும் முதலில் சொன்னது இதுதான்: "அண்ணே, எல்லாரும் சட்டையக் கழட்டிருங்க. வேட்டிய முழங்காலுக்கு மேல ஏத்திக் கட்டுங்க. ஒடம்புல கொஞ்சம் எண்ணெ தடவிக்கலாம். அப்பத்தான் ஃபோக் ஃபீல் வரும்."

குழுவில் மூத்தவர் எங்க பெரியப்பா. வீடியோ எடுக்கிறாங்கன்னு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும் மாட்டிக்கிட்டு வந்திருந்தார். பறையைக் கீழே வைத்தார். "எங்கப்பன் ஊர்த் தெருவுக்குள்ள போறப்ப தோள்துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் போவான். நான் சட்ட போட்டுக்கிட்டு அடிச்சேன்னு எத்தன தடவ ஒத வாங்கியிருக்கேன் தெரியுமா தம்பி? இப்ப நீயும் கழட்டச் சொல்ற" என்றார்.

தம்பிக்கு முகம் செத்துப்போச்சு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆதிக்கச் சாதிக்காரன் ஒருத்தன் சொல்லியிருந்தால் அங்கேயே பதில் கொடுத்திருப்போம். சொன்னவர் நம்ம தோழர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு இசைக்கும் இப்படித்தான் காட்ட வேண்டும் என்று ஓர் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் என்றால் பட்டுப்புடவை, தம்புரா. கானா என்றால் லுங்கி, கழுத்தில் கைக்குட்டை. பறை என்றால் வெற்றுடம்பு, வியர்வை, பின்னால் தீப்பந்தம். சினிமாப் பாட்டில் இதைப் பார்த்தோம், கேசட் அட்டையில் பார்த்தோம், இன்று யூடியூபில் பார்க்கிறோம். நம்முடைய கலை இரவுச் சுவரொட்டிகளும் இதற்கு விலக்கு இல்லை. கேட்டால் அழகியல் என்பார்கள்.

இந்த அழகியலுக்கு ஒரு பழைய பெயர் உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறிய இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அந்தத் தடையையும் தம்பி கேட்ட 'ஃபோக் ஃபீல்' உடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று தீ வைத்துச் சாதித்ததை இன்று ஒளியமைப்பு வைத்துச் செய்கிறார்கள்.

மரபை மீறுவதுதான் கலை என்று இசை விமர்சகர்கள் பேசுகிறார்கள். யாருடைய மரபு? பட்டுச் சட்டையில் வளர்ந்தவன் கிழிந்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் அது மீறல், சரி. கிழிசலையே சட்டமாகப் போட்டு வளர்க்கப்பட்டவன் எதைப் போட்டால் மீறல்?

1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். அந்தக் கறுப்பர்களின் இசைத்தட்டு உறைகளைப் பார்ப்போம். மைல்ஸ் டேவிஸ் பெரிய டிரம்பெட் கலைஞர். 1957இல் அவருடைய 'மைல்ஸ் அஹெட்' தட்டை வெளியிட்ட கொலம்பியா கம்பெனி, உறையில் பாய்மரப் படகில் உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைப் போட்டது. ஊதியவன் கறுப்பன், உறையில் வெள்ளைத்தோல். அவர் எதிர்த்தார். பிந்தைய பதிப்புகளில் டிரம்பெட் ஊதும் அவர் படமே வந்தது. 1961இல் 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' தட்டின் உறையில் தன் மனைவி பிரான்சிஸ் டெய்லரின் முகத்தைப் போட வைத்தார். உறையில் அழகான பெண் முகம் என்ற இலக்கணத்தை அவர் உடைக்கவில்லை, அப்படியே பின்பற்றினார். அந்த முகம் கறுப்பு முகம். அதுதான் அடி.

கன்ட்ரி இசையிலும் இதே கதை. அது வெள்ளையர் சொத்து என்று பேர். சார்லி பிரைடு என்ற கறுப்புப் பாடகரின் முதல் தட்டுகளை 1966இல் அவர் படமே இல்லாமல் வானொலிகளுக்கு அனுப்பினார்கள். குரல் வேணும், மூஞ்சி வேணாம். 2024இல் பியான்சே 'கவ்பாய் கார்ட்டர்' உறையில் வெள்ளைக் குதிரை, கவ்பாய் தொப்பி, அமெரிக்கக் கொடி என்று அந்த இசையின் அத்தனை இலக்கணத்தையும் அணிந்து வந்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் இது கன்ட்ரி இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். உடை அதேதான், உள்ளே இருக்கிற உடம்பு வேறு. சண்டை அதற்குத்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடை ஏறியது. கானாவும் பறையும் ராப்பும் கலந்த குழு. அத்தனை பேரும் கோட்டு சூட்டு. லுங்கி கட்டிய கானாவுக்குப் பழகிய கண்கள் திகைத்தன. அது அம்பேத்கரின் கோட்டு என்று நம் சனத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூஞ்சியை மறைப்பதும் நின்றுவிடவில்லை. 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எழுதி, தீயோடு சேர்ந்து பாடியவர் அறிவு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அந்தப் பாட்டின் வெற்றியைக் கொண்டாடிய அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை போட்டார்கள். கேட்காவிட்டால்?

கோட்டு வெள்ளைக்காரன் உடை, நம்ம மண்ணின் உடையோடு நிற்பதுதானே தன்மானம் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எது நம்ம உடை? நாமே தேர்ந்தெடுத்ததா, உதைக்குப் பயந்து உடுத்தியதா? எல்லாரும் கோட்டுதான் போடணும் என்று நான் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி ஆட ஆசைப்படுகிறவர் கட்டட்டும். முடிவு அடிக்கிறவனுடையதாக, பாடுகிறவளுடையதாக இருக்கணும். கேமரா பிடிக்கிறவருடையதாக இருக்கக் கூடாது.

அன்றைக்கு வீடியோ எடுத்தோம். பெரியப்பா அந்த வெள்ளைச் சட்டையோடே, காலர் பொத்தானைப் பூட்டிக்கொண்டு அடித்தார். குழுவிலுள்ள அக்கா கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நடுவில் நின்றது. தம்பி தீப்பந்தத்தை அவராகவே அணைத்துவிட்டார். கீழே எவனோ ஒருத்தன் எழுதியிருக்கிறான்: பறைக்கு இந்த டிரஸ் செட் ஆகலையாம்.

பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அவங்க தாத்தனுக்கும் செட் ஆகலடா" என்றார்.