படம் கண்டோம், பதில் எங்கே?

2022 ஏப்ரல் 3ஆம் நாள். நாடெங்கும் ஊரடங்கு. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள் வீதிக்கு இறங்கிவிடுவரென அஞ்சிய அரசாங்கம், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் முகநூல், டுவிட்டர், வட்ஸ்அப் முதலியவற்றை முடக்கிற்று. அன்றைய அமைச்சர்களுள் ஒருவரான நாமல் ராஜபக்ச என்ன செய்தார்? தடையைத் தாண்டும் விபிஎன் வழியாக அதே டுவிட்டருக்குள் நுழைந்து, இத்தகைய தடைகளால் யாதொரு பயனுமில்லை என எழுதினார்! சிறிய தந்தையார் படலையைப் பூட்ட, பெறாமகன் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து, பூட்டியது பிழை என்று கூவிய கதை இது. அன்று பிற்பகலே தடை நீங்கியது.

நகைப்புக்கிடமான நிகழ்ச்சிதான். எனினும், ஆள்வோர் இச்சாதனத்தை எவ்வாறு கருதுகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? தாம் பேசுவதற்கு அது வேண்டும். மக்கள் பேசத் தொடங்கியதும் அது ஆபத்தாகிவிடுகிறது. 2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் அந்த அச்சத்தின் குழந்தையே என்பது எமது துணிபு.

கமக்காரருக்கு இது புதிய பாடமன்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதித்து வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வயலில் நிற்பவனை எவரும் கேட்டாரில்லர். உலக அரங்குகளில் அத்திட்டம் பெருமையாகப் பேசப்பட்டது. கைத்தொலைபேசித் திரைகளில் பசுமைப் படங்கள் மலிந்தன. பயிரோ மஞ்சளித்தது. அவ்வாண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டனர். காலபோகத்தின் இழப்பு உழவன் தலையில் விழுந்தது.

நம்மவர் மட்டும் என்ன? வெள்ளம் வந்தால் முழங்கால் நீரில் நின்று ஒரு நேரலை; வெங்காய விலை வீழ்ந்தால் தோட்ட வரம்பில் நின்று ஒரு படம். மறுநாள் அதே தோட்டக்காரன் நட்டஈட்டு விண்ணப்பத்துடன் அலைகையில் படத்தில் நின்றவரைக் காணோம். சந்தியில் மேடையிட்டுப் பேசிய காலத்தில், கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்பான். பேச்சாளர் விடை கூறியே தீரவேண்டும். இன்று அக்கேள்வி பின்னூட்டமாகிறது. விரும்பாவிடின் அதை அழித்துவிடலாம்; கேட்டவனையே தடுத்துவிடலாம்.

இச்சாதனமே தீதென்று நாம் கூறவில்லை. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் குறைகளை முகநூல் நேரலையில் எடுத்துரைத்த வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா, அவ்வாண்டு நவம்பரில் சுயேச்சையாகவே பாராளுமன்றம் புகுந்தார். அவரை ஏற்பவர் ஏற்க, மறுப்பவர் மறுக்க. ஆனால் பழைய கட்சிகள் செவிமடுக்காத ஓர் ஆத்திரம் மக்களிடம் இருந்தது என்பதை அவ்வெற்றி காட்டிற்றன்றோ?

கவலைக்குரியது வேறொன்று. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. விவசாயத்தையும் நீர்ப்பாசனத்தையும் பற்றி நம் பிரதிநிதிகள் கேட்டு விடைபெறுவதற்கு இருந்த மன்றம் மூடிக்கிடக்க, அவ்விடத்தை முகநூல் நிரப்ப முயல்கிறது. முகநூலில் குறிப்பேடு இல்லை; வாக்கெடுப்பும் இல்லை.

ஆதலின் கற்றோரும் கமக்காரரும் தம் உறுப்பினரிடம் இதனைக் கேட்டல் வேண்டும்: கிழமைக்கொரு நாள், அறிவித்த நேரத்தில், கமராவின்றி எங்கே அமர்ந்திருப்பீர்? நாம் எழுத்தில் தரும் முறைப்பாட்டுக்கு, தமிழில், ஒப்பமிட்ட விடையை எத்தனை நாளில் தருவீர்?